குளியலறைத் தரையில் ஊறும் நீர்

விழா மலரொன்றுக்குக் குளியலறைத் தரையைப் பற்றி எழுதப் புகுந்தவனைக் கண்டு நகைப்போர் நகைக்கட்டும். கல்லூரியின் வரலாறும், ஆசிரியப் பெருந்தகைகளின் நினைவும், இலக்கிய ஆராய்ச்சியுமே இத்தகைய மலர்களை அணிசெய்வன என்பதை யானும் அறிவேன். ஆயினும் அன்று பௌதிக வகுப்பிற் பின்வரிசையிலிருந்து அரைத்தூக்கத்திற் கேட்ட இரண்டு பாடங்கள், பனிபடுநிலையும் மயிர்த்துளையேற்றமும், முப்பதாண்டுகள் கழிந்தபின் மலைநாட்டில் ஒரு வீட்டின் தரையில் என் காலடிக்கு வந்து நின்றன. அன்று விழித்திருந்து கேட்டிருப்பேனாயின் இருமுறை தரையை உடைத்திருக்க வேண்டியதில்லை. என் தாயாரும் வழுக்கி விழுந்து இடக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டிருக்க மாட்டார்.

ஹட்டனுக்கு அண்மையில் ஒரு பாடசாலையில் ஆசிரியனாக இருந்த காலத்தில், தோட்ட உத்தியோகத்தருக்கென வெள்ளையர் காலத்திற் கட்டப்பட்ட பழைய விடுதியொன்றில் வாழ்ந்தேன். கருங்கற் சுவர், தகரக் கூரை, மலையை வெட்டிச் சமப்படுத்திய நிலம். வீட்டின் பின்சுவருக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் இடையே நாலடி இடைவெளிதான் உண்டு. அந்தப் பின்மூலையிலேதான் குளியலறை. அதன் பழைய சீமெந்துத் தரைமேல் பிற்காலத்தில் யாரோ தரையோடு பதித்திருந்தனர். குழாயைத் திறவாத நாளிலும் அத்தரையின் நடுவில் ஒரு பாய் விரித்த அளவுக்கு ஈரம் படிந்திருக்கும். துடைத்தால் மாலையில் மீண்டும் வரும்.

முதலில் வந்த மேசன், ஓடுகளின் இடைவெளி வழியே நீர் இறங்கி மேலே கசிகிறது என்று கூறி, ஓடுகளைப் பெயர்த்து வெள்ளைச் சீமெந்து வைத்து மறுபடி பதித்தார். ஒரு மாதத்தில் ஈரம் திரும்பிற்று. அடுத்து வந்தவர் சுவருக்குள் ஓடும் குழாய் துளைபட்டுள்ளது என்று நடுத்தரையையும் சுவரின் ஒரு பகுதியையும் உடைத்தார். குழாய் நலமாக இருந்தது. அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. ஈரத்தைக் கண்ட இடத்தை உடைப்பதும் மூடுவதும் அவர்கள் தொழில். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தேடியறிவது வேறொரு தொழில். அதற்குக் கூலி கொடுப்பாரும் இல்லை, பெறுவாரும் இல்லை. இரண்டாம் முறை ஓடு பதித்து மூன்று வாரங்களுக்குள் தாயார் விழுந்தார். அதன் பின்னரே யான் அந்தத் தொழிலை மேற்கொண்டேன்.

தரையில் ஈரம் தோன்றுவதற்கு நான்கே வழிகள் உண்டு. காற்றிலுள்ள நீராவி தரையிற் படியலாம். நீரைக் கொண்டுவரும் குழாய் ஒழுகலாம். கழிவுநீரைக் கொண்டுசெல்லும் குழாயோ தரையின் பொருத்தோ ஒழுகலாம். இறுதியாக, நிலமே நீரைச் சுமந்திருந்து கீழிருந்து மேலே அனுப்பலாம். இவற்றுட் பிற்கூறிய மூன்றும் ஓட்டின் கீழ் ஒன்றுபோலவே தோன்றும். நீர் சாந்துப் படையினூடே தனக்கு எளிதான வழியில் நகர்ந்து, தாழ்ந்த இடத்திலோ விரிசலுள்ள இடத்திலோ முகங்காட்டும். நனைந்த இடம் வேறு, நனைக்கும் இடம் வேறு என்பதை மறந்ததே எங்கள் முதற்பிழை.

யாழ்ப்பாணத்திற் பிறந்து வளர்ந்தவனுக்கு இஃது எளிதில் விளங்காது. அங்கே ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,300 மில்லிமீற்றர் மழை. அதிலும் பெரும்பகுதி மாரிக்கால மாதங்கள் சிலவற்றுள் கொட்டி முடிந்துவிடும். கொட்டியதைச் சுண்ணக்கல் வாய்திறந்து விழுங்கிவிடும். மலைநாடு அவ்வாறன்று. வட்டவளைப் பக்கத்தில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரை ஒட்டியும் மிஞ்சியும் நிற்கும். ஹட்டனும் டிக்கோயாவும் மஸ்கெலியாவும் மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்றின் நேர்முகத்தில் நிற்பவை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் மழை அவ்வளவு இல்லையாயினும், சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசை அண்டியே இருப்பதால் பெய்த நீர் உலர்ந்து போவதற்கு வழியில்லை. கடினப் பாறையின்மேற் கிடக்கும் மண் அந்நீரை வாங்கித் தன்னுள் வைத்துக்கொண்டு, சரிவின் போக்கில் மெல்லமெல்லக் கீழே விடும். மழை ஓய்ந்து நெடுநாளானபின்னும் ஊற்றுகள் ஓடுவது அதனாலேயே. தேயிலைக்கும் ஓடைக்கும் அது வாழ்வு. மலையை வெட்டிக் கட்டிய வீட்டின் பின்சுவருக்கு அது தீராத சுமை.

இனி முதல் வழியைப் பார்ப்போம். மலைநாட்டுத் தரை ஈரமானால், “பனிக்காலம் ஐயா, எல்லா வீட்டிலும் இப்படித்தான்” என்று சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மை. இலண்டனில் வைத்தியராயிருந்த வில்லியம் சார்ள்சு வெல்சு என்பவர் 1814 இற் பனியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நிறுத்தெடுத்த சிறு கம்பளிப் பஞ்சுகளை இரவில் திறந்த வெளியிலும் மறைப்பின் கீழும் வைத்து, விடியலில் மீண்டும் நிறுத்து, வெப்பமானிகளால் புல்லின் குளிரையும் காற்றின் குளிரையும் ஒப்பிட்டு அவர் கண்ட முடிவு இது: ஒரு பொருள் சூழ்ந்துள்ள காற்றைவிட முதலிற் குளிர்கிறது, குளிர்ந்த பின்னரே அதன்மேற் பனி படிகிறது. பனி வந்து பொருளைக் குளிர்விப்பதில்லை. தைமாசியில் முகிலில்லாத இரவுகளில் நுவரெலியாத் தேயிலையிலும் புற்றரையிலும் உறைபனி பிடிப்பதற்கும், அவ்வேளைகளில் தகரக் கூரையின் அடிப்புறம் வியர்ப்பதற்கும் காரணம் இதுவே.

குளியலறைக்கு இதனைப் பொருத்திக் கணக்கிட்டேன். 20 பாகையில் நிறைவுற்ற காற்று ஒரு கன மீற்றரில் ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 12 பாகையில் 10 அல்லது 11 கிராமே தாங்கும். வெந்நீரில் நீராடியபின் அறைக்காற்று 20 பாகையில் நிறைந்து நிற்க, தரை 12 பாகையிற் குளிர்ந்திருக்குமாயின், மிஞ்சிய ஆறேழு கிராம் நீராகும். எனது குளியலறை ஆறடிச் சதுரம், எட்டடி உயரம். அதாவது எட்டுக் கன மீற்றரே. அவ்வறைக்காற்று முழுவதும் தன் மிகுதியைத் தரையிலேயே கொட்டினாலும் ஐம்பது கிராமுக்குச் சற்று மேல். தேநீர்க் கோப்பையில் மூன்றிலொரு பங்கும் தேறாது. ஆவி தொடர்ந்து எழுமாயினும் கூரையும் சுவரும் ஜன்னற் கண்ணாடியும் தம் பங்கை முன்னரே எடுத்துக்கொள்ளும். யானோ காலையிற் பழந்துணியால் ஒற்றிப் பிழிந்தபோது ஒரு போத்தல் நிறைந்தது. பனியைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட இக்கணக்கே பெரும்பாலும் போதியது.

கணக்கை நம்பாதார் செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனையொன்று உண்டு. தரையில் இரண்டடிச் சதுரமான இடத்தை நன்கு உலர்த்தி, தெளிவான பொலித்தீன் தாளொன்றை விரித்து நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். தாளின் மேற்புறம் நனைந்து அடிப்புறம் உலர்ந்திருந்தால் ஈரம் காற்றிலிருந்து வந்தது. தாளின் அடியில் முத்துமுத்தாக நீர் கோத்து, தரையும் கறுத்திருந்தால் ஈரம் கீழிருந்து வந்தது. எந்த நிலத்தரையும் சிறிதளவு ஆவியை விடுமாதலால், தாளின் அடியில் இலேசான மங்கல் தெரிந்தவுடன் முடிவுகட்டலாகாது. எனது தாளின் அடியிலோ இரண்டாம் நாள் நீர் ஓடித் திரண்டிருந்தது.

குழாய்களைச் சோதிப்பது இதனினும் நேரானது. நீரைக் கொண்டுவரும் குழாய் இரவும் பகலும் அழுத்தத்தில் இருப்பது. ஆதலால் அதன் கசிவுக்கு ஓய்வில்லை. நகரத்து வீடானால் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மானியைப் பார்த்தாற் போதும். தோட்டத்தில் மானி ஏது? மேலே ஓடையிலிருந்து தாங்கிக்கு வரும் வழியை இரவில் அடைத்து, தாங்கியின் உட்சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலாற் குறித்து, விடியலிற் பார்க்கவேண்டும். மூன்றடிச் சதுரமான தாங்கியில் மட்டம் கால் அங்குலம் தாழ்ந்தால் ஏறத்தாழ 5 லீற்றர் போயிற்று என்று பொருள். விநாடிக்கு ஒரு துளி சொட்டும் குழாயும் ஒரு நாளில் நான்கு லீற்றருக்குக் குறையாமல் இழக்கும். மலையோடை நீரிற் சுண்ணாம்பு மிகக் குறைவு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் கேத்திலின் அடியிற் படைபடையாகச் சுண்ணம் கட்டுவதை நாம் அறிவோம். மலைநீரில் அந்தக் கவசம் கட்டாது. ஆகையால் பழைய இரும்புக் குழாய்கள் இங்கே உள்ளிருந்து அரிக்கப்படுவது இயல்பு. இரண்டாம் மேசன் குழாயை ஐயுற்றது நியாயமே. ஆனால் உடைப்பதற்கு முன் ஓர் இரவு காத்திருந்தால் போதுமாயிருந்தது. எனது தாங்கியின் மட்டம் அசையவேயில்லை.

கழிவுக்குழாயின் இயல்பு வேறு. பயன்படுத்தும்போது மாத்திரமே அது நீரைக் காணும். நீராடும் நாளில் ஈரம் பெருகி, நீராடாத நாளிற் சுருங்குமாயின் ஐயத்தை அங்கே வைக்கலாம். தரைத்துளையைத் துணிப்பந்தால் அடைத்து, ஓரங்குல நீரை நிறுத்தி, ஒரு நாளில் எவ்வளவு தாழ்கிறதென்று பார்ப்பது ஒரு முறை. நிறமூட்டுவது மற்றொரு முறை.

நிறமூட்டும் முறைக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. அதனைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. ஜேர்மனியின் தென்பகுதியில் தன்யூப் ஆறு இம்மெண்டிங்கன் என்ற ஊருக்கு அருகில் சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள் மறைந்துபோவது பழைய செய்தி. மறைந்த நீர் தெற்கே பன்னிரண்டு கிலோமீற்றர் அளவு தொலைவிலுள்ள ஆக் ஊற்றாக எழுகிறதா என்ற வழக்கு, ஆலைக்காரர்களுக்கிடையே நெடுங்காலம் இருந்தது. 1877 இல் அடொல்பு குனொப் என்ற புவியியலறிஞர், ஆறு மறையும் இடத்தில் 20 தொன் உப்பையும், எண்ணெயையும், 10 கிலோகிராம் புளோரெசீன் சாயத்தையும் இட்டார். அச்சாயம் ஆக்கப்பட்டு அப்போது ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏறத்தாழ அறுபது மணி நேரத்துக்குப் பின் ஆக் ஊற்று பச்சையாய் ஒளிர்ந்தது. நீரில் எண்ணெய் நாற்றமும் உப்புச் சுவையும் வந்தன. நீர் எவ்வழி சென்றதென்பதை யாரும் கண்ணாற் கண்டிலர். எங்கிருந்து எங்கே சென்றதென்பது மாத்திரம் ஐயமற நிலைநாட்டப்பட்டது. வீட்டுத் தரைக்கும் வேண்டுவது அவ்வளவே.

யான் முதலிற் கையாண்டது மலிவான கொண்டிஸ் மருந்து. அதனை நீரிற் கரைத்துத் தரைத்துளையில் ஊற்றிவிட்டு, ஓட்டின் இடைவெளிகளில் ஊதா நிறம் தோன்றுமென்று இரண்டு நாள் பார்த்திருந்தேன். தோன்றவில்லை. கழிவுக்குழாய் குற்றமற்றது என்று மகிழ்ந்து பாடசாலையின் இரசாயன ஆசிரியரிடம் கூறினேன். அவர் சிரித்துவிட்டு, மண்ணிலும் அழுக்கிலும் உள்ள உயிர்ப்பொருள்கள் கொண்டிஸைத் தாக்கிப் பழுப்பாக்கிவிடும், மேலே வருமுன் ஊதா நிறம் மாண்டுபோகும் என்றார். நிறம் தோன்றினால் அது சான்று; தோன்றாவிட்டால் அது சான்றன்று. சோதனை செய்கிறோம் என்ற செருக்கிலே சோதனைக்குரிய குறையை மறந்துவிடுவது எவ்வளவு எளிது! அவரிடமிருந்து ஒரு சிட்டிகை புளோரெசீன் பெற்றுக்கொண்டு திரும்பினேன். அது பின்னர் வேறோர் இடத்திற் பயன்பட்டது.

உண்மையைக் காட்டியது சாயமும் அன்று, தாளும் அன்று. ஒரு பழைய கொப்பி. நாள்தோறும் காலை ஏழு மணிக்கு ஈரத்தின் எல்லையை மெழுகுப் பென்சிலாற் கோடிட்டு, கொப்பியில் மூன்று செய்திகளை எழுதிவந்தேன்: நேற்றைய மழை, நேற்று நீராடியோர் தொகை, ஈரம் கூடிற்றா குறைந்ததா என்பது. மூன்று வாரங்களில் தரை முழுவதும் தேசப்படம்போற் கோடுகள் நிறைந்தன. வீட்டார் என்னை ஒருமாதிரிப் பார்க்கலாயினர்.

ஆயினும் அக்கோடுகள் பேசின. நீராடியோர் தொகைக்கும் ஈரத்துக்கும் யாதொரு தொடர்பும் காணப்படவில்லை. பெருமழை பெய்த மறுநாளில் ஈரம் கூடவில்லை. மூன்றாம் நாளிற் கூடிற்று. மழை விட்டபின்னும் நாலைந்து நாள் நின்றது. கூரை ஒழுகினால் மழையோடு வந்து மழையோடு போகும். இத்துணைத் தாமதமாக வருவது மண்ணின் நடை. மற்றொன்று: உலர்ந்துவரும்போது கோடுகள் ஒன்றனுள் ஒன்றாகச் சுருங்கி, தரையின் நடுவிலன்றிப் பின்சுவர் மூலையில் முடிந்தன. நாங்கள் உடைத்ததோ நடுவிடத்தை. நடுவில் தரை சற்றுத் தாழ்ந்திருந்ததால் நீர் அங்கே திரண்டது. கடைசியாக உலர்ந்த மூலையே ஊற்றுக்கு அண்மையானது.

ஆகஸ்ட் விடுமுறை வந்தது. குடும்பத்தாரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டு, குளியலறைக்குச் செல்லும் நீரை முற்றாக நிறுத்தி, அறையைப் பூட்டினேன். பன்னிரண்டு நாள் யாரும் நீராடவில்லை, ஒரு துளி நீரும் குழாயில் வரவில்லை. வெளியே பருவமழை பெய்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தபோது ஈரம் முன்னைக்காட்டிலும் ஒரு சாண் அகன்றிருந்தது. காற்று, வருகுழாய், கழிவுக்குழாய் ஆகிய மூன்றும் ஒருங்கே விலகின. எஞ்சியது மலை.

இங்கேதான் மயிர்த்துளைப் பாடம். நுண்ணிய துளையில் நீர் தானே ஏறும். துளை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயர ஏறும். ஒரு மில்லிமீற்றர் ஆரையுள்ள கண்ணாடிக் குழாயில் 15 மில்லிமீற்றர். அதிற் பத்திலொன்றான குழாயில் 15 சதமமீற்றர். நூறிலொன்றில் ஒன்றரை மீற்றர். செங்கல்லும் சுண்ணச் சாந்தும் சீமெந்தும் இத்தகைய எண்ணிறந்த துளைகளால் ஆனவை. அத்திவாரத்துக்கு மேல் ஈரந்தடுக்கும் தார்ப்படையோ, தரையின் கீழ்ப் பொலித்தீன் விரிப்போ இல்லாத பழைய வீடு ஒரு விளக்குத்திரி போன்றது. அத்திரி குடிக்கும் நீரிற் கரைந்த உப்புகள், நீர் ஆவியாகும் எல்லையில் வெண்ணிறமாய்ப் பூக்கும். உவர் பூத்தல் என்று நம்மவர் சொல்வது இதனையே. சுவரில் உவர்க்கோடு எங்கே நிற்கிறதோ அதுவரை நிலத்தின் கை நீண்டிருக்கிறது. அதன்மேற் சீமெந்து பூசி மறைப்பார் பலர். ஆவி வெளியேறும் வழி அடைபடுவதால் ஈரம் இன்னும் மேலே ஏறிப் பூச்சின் தலைக்குமேல் தோன்றும். உவரை நீரூற்றிக் கழுவுவதும் தவறு. அது கரைந்து திரும்ப உள்ளே போகும். உலர்ந்த தும்புத்தடியாற் கூட்டி அள்ளுவதே முறை.

பின்சுவரை அடுத்து வெளியே இரண்டடி ஆழத்தில் ஒரு சிறு குழி தோண்டினேன். மறுநாட் காலை அக்குழியில் நீர் நின்றது. குளியலறைத் தரைமட்டத்துக்கு ஐந்தங்குலமே கீழே. அந்நீர் எங்கிருந்து வந்தது? மண்மேட்டின்மேல் ஏறிப் பார்த்தேன். தேயிலை மலையில் மழைநீரைக் குறுக்கே மறித்து ஓடைக்குக் கொண்டுசெல்லக் கான் வெட்டியிருப்பார்கள். வீட்டின் நேர்மேலே ஓடிய கான், கவ்வாத்து வெட்டிய மிலாறும் புல்லும் பொலித்தீன் பைகளும் சேர்ந்து அடைபட்டுப் பன்னிரண்டடி நீளத்துக்குக் குளமாய் நின்றது. நீர் வழிந்தோடவில்லை; அப்படியே மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இரசாயன ஆசிரியர் தந்த புளோரெசீனை அதிற் கரைத்தேன். இரண்டாம் நாள் மாலை, குழிநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தபோது, இளந்தேயிலைத் தளிரின் நிறம் அதில் மின்னிற்று. அன்று எனக்குண்டான மகிழ்ச்சி ஜேர்மானிய அறிஞர் அடைந்த மகிழ்ச்சிக்குக் குறைந்ததென்று சொல்ல மாட்டேன்.

பரிகாரம் பெரிதன்று. மேலுள்ள கானைத் துப்புரவாக்கி, நீர் நிற்காமல் ஓடுமளவுக்குச் சரிவு கொடுத்து, வீட்டின் மேற்புறத்தில் வரும் பகுதிக்கு மாத்திரம் சீமெந்து பூசினோம். மண்மேட்டின் அடிவாரத்துக் கானையும் ஆழமாக வெட்டவேண்டுமென்று சிலர் சொன்னார்கள். யான் உடன்படவில்லை. மழைக்காலத்தில் மேட்டின் அடியை அரிந்தால் மேடு நம்மை நோக்கி நடக்கும். பழைய படுகை தெரியுமளவுக்கு வாரியதோடு நிறுத்தினோம். குழியின் நீர்மட்டம் முதல் வாரத்திற் சிறிதும், பின்னர் விரைவாகவும் தாழ்ந்தது. தரை முற்றாக உலர்ந்தது மாசி மாதத்தில். கல்லும் சாந்தும் ஆண்டுக்கணக்கிற் குடித்ததை ஒரு வாரத்திற் கக்கிவிடா.

இதுவரை சொன்னது ஓர் ஆசிரியன் வீட்டுச் செய்தி. என் வீட்டுக்குக் கீழே அதே சரிவில் ஒரு லயம் இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் முதுகோடு முதுகாக அமைந்த பழைய வரிசை. அங்கிருந்து வரும் பிள்ளைகளின் கொப்பிகளில் ஒரு பூஞ்சண நாற்றம் எப்போதும் உண்டு. திருத்துவதற்குக் கட்டாக எடுத்துவந்தால் அறை முழுவதும் பரவும். அது பிள்ளைகளின் கவனக்குறைவு என்று எண்ணி ஓரிருவரைக் கடிந்தும் இருக்கிறேன். என் தரையைப் பற்றி அறிந்தபின், அந்நாற்றம் எதனுடையதென்று எனக்கு விளங்கிற்று. ஈரமும் பூஞ்சணமும் நிறைந்த வீட்டில் வாழ்வோருக்கு இழுப்பும் இருமலும் மிகுதியாவதை உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் எடுத்துக்காட்டியுள்ளது. அதனைப் படியாமலே லயத்துத் தாய்மார் அறிவர்.

லயத்தில் ஈரத்தின் மூலம் ஒன்றன்று. விறகடுப்பின் ஆவியும் பலர் மூச்சும் இரவிற் குளிர்ந்த தகரத்திற் பட்டுச் சொட்டும். கூரை ஒழுகுகிறதென்று தார் பூசுவார்கள். மழையில்லாத தெளிந்த இரவிலும் சொட்டுகிறதா என்று பார்த்தால் உண்மை தெரியும். பல லயங்களிற் குளியலறை என்பதே இல்லை. பீலிக்கரையில் நீராடி ஈரத்துணியை உள்ளே உலர்த்தவேண்டும். பின்வரிசைக் காம்பராக்களுக்கோ மேட்டுநீர் வேறு. என் போன்றவன் குழி தோண்டலாம், கானுக்குச் சீமெந்து பூசலாம். லயக் காம்பராவும் அதன் பின்னுள்ள நிலமும் அதில் வாழ்பவருக்குச் சொந்தமல்ல. கானைத் திருத்தவும் ஜன்னல் திறக்கவும் பிறர் அனுமதி வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்துக் கான்களை வெட்டிய கைகள், தம் வீட்டுப் பின்புறத்துக் கானை வெட்டுவதற்குக் காத்திருக்கின்றன.

இந்திய உதவியுடன் 2016 முதல் எழும்பிய தனிவீடுகள், ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடியில், குளியலறையோடு கூடியவை. இது பெருமாற்றம். ஆயினும் மலைச்சரிவில் ஏழு பேர்ச்சைச் சமப்படுத்துவதென்றால் பின்புறம் வெட்டத்தான் வேண்டும். வெட்டிய முகத்தில் நீர் கசியத்தான் செய்யும். சுவர் எழுப்புமுன் மேலே ஒரு கான், தரையின் கீழ் ஒரு பொலித்தீன் விரிப்பு, கழிவுநீரைச் சரிவின்மேல் விடாமல் குழாயிற் கொண்டுசெல்லும் ஒழுங்கு ஆகிய மூன்றும் முதலிலே செய்தால் செலவு அற்பம். பின்னர் செய்வது எப்படியென்பதை மேலே விரித்துரைத்தேன்.

தரையீரத்தை யான் இவ்வளவு பெரிதாக்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1992 இல் வட்டவளையில் மலைச்சரிவு நகர்ந்து இருப்புப்பாதையைக் குலைத்தது. சரிவினுள் நீண்ட துளைகளிட்டு நிலத்தடி நீரை வடித்தே பின்னர் அதனை அடக்கினார்கள். மண்ணைச் சுமப்பது மண்ணின் பிடிப்பு; அதனிடையே நீர் நிறைந்து அழுத்தும்போது அப்பிடிப்புத் தளர்கிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையில் மீரியபெத்தைத் தோட்ட லயங்கள் மண்ணுள் மறைந்தன. அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. புதிய ஊற்று தோன்றுதல், இருந்த ஊற்று திடீரென வற்றுதல், தெளிந்த நீர் கலங்கி வருதல், நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு, மரமும் கம்பமும் சாய்தல், கதவுகள் இறுகுதல் ஆகியவற்றை மண்சரிவின் முன்னறிகுறிகள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்கு அறிவித்து வருகிறது. இவற்றுட் சில முதலில் தலைகாட்டுவது வீட்டின் பின்மூலைத் தரையிலேதான். ஈரத்தோடு வெடிப்பும், இறுகிய கதவும் சேர்ந்து வந்தால், கொப்பியும் மெழுகுப் பென்சிலும் வேண்டா. மழை நிற்கும்வரை வீட்டைவிட்டு வெளியேறி, அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும்.

என் வீட்டில் அத்தகைய வெடிப்பு இல்லை. தாயாரின் கை கூடிவிட்டது. தேங்காய் திருவும்போது மாத்திரம் நோவெடுக்கும் என்பார். பின்சுவருக்கு வெளியே தோண்டிய குழியை யான் மூடவில்லை. மேலே ஒரு பலகையிட்டு வைத்தேன். மே மாதம் மழை தொடங்கியதும் கீழ்லயத்து மாணவர் இருவர், அங்குலம் குறித்த மூங்கிற் குச்சியொன்றை நாள்தோறும் அதில் விட்டு அளந்து, அதே கொப்பியில் எழுதிவைத்தார்கள். இரண்டாம் ஆண்டில் அவர்கள் தங்கள் லயத்தின் பின்புறத்திலும் ஒரு குழி தோண்டினார்கள்; அதில் நீர் தரைமட்டத்துக்கு மூன்றங்குலம் கீழே நின்றது. அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கடிதத்தோடு இணைத்துத் தோட்ட நிருவாகத்துக்கு அனுப்பினோம். அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறை கழிந்த வாரத்தில், லயத்துக்கு மேலுள்ள கானை வெட்ட நான்கு பேருக்குப் பெயர் போடப்பட்டது.